தை கடைசியில் விதைக்கும் கோடைத் தோட்டம்: வெண்டை, சுரை, அரசாணி

தைப் பனி காலையில் இன்னும் இருக்கிறதே என்று பலர் இப்போது தக்காளி விதை தேடுவார்கள். கொங்கு வெயிலுக்கு அது காலம் கடந்த வேலை. தை கடைசியில் விதைத்தால் நாற்றுக்கு 25 நாள், நட்டபின் பூவுக்கு ஒரு மாதம். பூக்கும்போது பங்குனி பாதி ஓடியிருக்கும். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ பெரும்பாலும் உதிரும். வெயிலைத் தாங்குகிற வெண்டை, சுரை, அரசாணி (மஞ்சள் பூசணி), கொத்தவரையில் தொடங்குங்கள்.

முதலில் வளர்ப்புப் பைகளில் நிரப்பும் மண். செம்மண் 2 பாண்டுச் சட்டி, தேங்காய் நார்க்கழிவு 1, நன்றாக மக்கிய எரு 1. கரிசல் மண் என்றால் நார்க்கழிவை 2 ஆக்குங்கள், இல்லாவிட்டால் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்துப் பிழிந்து, சாயத் தண்ணீர் வெளுக்கும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். அதிலிருக்கும் உப்பு முளையைக் கருக்கும். எரு கையில் எடுத்தால் பொலபொலவென உதிர வேண்டும். சாணி வாடை அடித்தால் இன்னும் மக்கவில்லை, வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவும் கூடவே வரும். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்து, ஈரமாக்கி, 10 நாள் விட்டபிறகே விதை.

வெண்டைக்கும் கொத்தவரைக்கும் 12 அங்குலப் பை போதும். சுரைக்கும் அரசாணிக்கும் அது பத்தாது. பாதியாக அறுத்த டிரம் வையுங்கள், அல்லது தரையில் ஒன்றரை அடிக் குழி எடுத்து இதே கலவையை நிரப்புங்கள். விதைகளை இரவு முழுக்க ஊறவைத்து (கொத்தவரையை மட்டும் அப்படியே போடலாம்) ஓர் அங்குல ஆழத்தில் பைக்கு மூன்றாக ஊன்றுங்கள். இரண்டு வாரத்தில் திடமான ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும்.

தண்ணீரில்தான் இந்தப் பக்கம் பலருக்குச் சிக்கல். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்குக் கவலையில்லை. போர் தண்ணீர் என்றால் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். வாரம் ஒருமுறை அடித்துளை வழியே வழியும் அளவுக்கு ஊற்றி உப்பை இறக்குங்கள். ஆர்ஓ மிஷினின் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள், அதில் உப்பு இன்னும் அதிகம். பங்குனி பிறந்தால் காலை, மாலை இருவேளையும் தண்ணீர் வேண்டும். கடலைத் தோலோ கரும்புச் சோகையோ இரண்டு அங்குலம் மூடாக்குப் போட்டால் ஈரம் நிற்கும்.

"பூ பூவாய்ப் பூக்குது, ஒரு காய் நிக்கலை" என்பது கொடிக் காய்களில் வழக்கமான புலம்பல். முதலில் வருவது ஆண் பூ, உதிரட்டும். பூவுக்குப் பின்புறம் குட்டிக் காய் ஒட்டியிருப்பது பெண் பூ. மாடிக்குத் தேனீ குறைவாகத்தான் வரும், கையால் சேர்க்க வேண்டியிருக்கும். ஆண் பூவின் இதழ்களை உரித்து, மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேய்த்தால் போதும். நேரம் முக்கியம்: அரசாணி விடியலில் விரியும், 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். சுரைப்பூ பொழுது சாயும்போதுதான் விரியும். காலையில் சுரையோடு மல்லுக்கட்டினால் பலனில்லை.

வெண்டை இலையில் நரம்பு மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், மருந்து இல்லை. அன்றே பிடுங்கி எடுத்துவிடுங்கள். மற்ற செடிகளில் ஈ அண்டாமல் இருக்க, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து இலையின் அடியில் படும்படி மாலையில் தெளியுங்கள். வெயிலில் அடித்தால் இலை தீயும். மாசிப் பனியில் கொடி இலைமேல் வெள்ளை மாவு படிந்தால் நன்றாகப் புளித்த மோர் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து தெளியுங்கள்.

வெண்டை 45, 50 நாளில் காய்க்கத் தொடங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். முற்றவிட்டால் செடி புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். அரசாணிக்குப் பொறுமை வேண்டும், ஏறக்குறைய 90 நாள். காம்பு காய்ந்து தோலில் நகம் இறங்காதபோது, இரண்டு அங்குலக் காம்போடு அறுத்து நிழலில் வையுங்கள். காம்பில்லாமல் பிய்த்த காய் அந்த இடத்திலிருந்தே அழுகும்.