ஒரே மாதிரி இரண்டு படகு: எதை வாங்குவது?

மாசி மாதம் என் மனைவியின் தம்பி இரண்டு படகுகளின் படத்தை அனுப்பி, "மாமா, இதில் எது?" என்று கேட்டான். இரண்டும் 18 அடி ஃபைபர். இரண்டிலும் 60 குதிரைத்திறன் நான்கு ஸ்டிரோக் அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்; ஆறு பேர் உட்காரலாம். ஒன்று வெள்ளை, இன்னொன்று சந்தன நிறம், விலை நாற்பதாயிரம் குறைவு. காசிமேட்டில் முப்பது வருடம் எஞ்சின் பிரித்தவன் நான். படத்தில் எல்லாப் படகும் நன்றாகத்தான் மிதக்கும்.

"எங்கே ஓட்டப் போகிறாய்?" என்று முதலில் கேட்டேன். பெரும்பாலும் பழவேற்காடு ஏரி, பிள்ளைகளோடும் அம்மாவோடும் என்றான். பாதி முடிவு அங்கேயே வந்துவிட்டது. ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். வெள்ளைப் படகின் அடிப்பாகம் ஆழமான 'வி' வடிவம். அலையைக் கிழித்துப் போகும், ஆனால் கூடுதல் தண்ணீர் கேட்கும், நின்றால் ஆடும். சந்தனப் படகின் அடி தட்டையானது. அலையில் தடதடவென்று அடிக்கும்; ஆனால் ஆழமில்லாத இடத்திலும் போகும், ஓரத்தில் கால் வைத்தாலும் அவ்வளவாகச் சாயாது. எழுபது வயதுக்காரர் ஏறி இறங்க வேண்டுமென்றால் இது சின்ன விஷயமில்லை. கடலில்தான் ஓட்டுவேன் என்றிருந்தால் வெள்ளையைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

விற்பவர்கள் காலை ஆறு மணிக்கு வரச் சொல்வார்கள். அப்போது தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கும், எந்தப் படகும் தங்கம்தான். கடல் காற்று எழும்பிய பிறகு, இரண்டு மணிக்கு மேல் வருகிறோம் என்று சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள், எத்தனை பேரை ஏற்றப் போகிறீர்களோ அத்தனை பேரையும் கூட்டிப் போங்கள். நாங்கள் ஆறு பேரும் ஏறினோம். முழு வேகத்தில் எஞ்சினின் சுற்று, கையேட்டில் போட்டிருக்கும் வரம்புக்குள் வர வேண்டும்; பல எஞ்சின்களுக்கு அது நிமிடத்துக்கு 5000 முதல் 6000. அதற்குக் கீழே நின்றால் தண்ணீரைத் தள்ளும் விசிறி பொருந்தவில்லை, அல்லது எஞ்சின் தளர்ந்துவிட்டது.

கிளப்பும் முன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் விற்பவர் உங்களுக்கு முன்பே ஒருமுறை ஓட்டிவிட்டார் என்று பொருள்; குளிர்ந்த எஞ்சின் கிளம்ப அடம் பிடிக்கிறதா என்பது தெரியாது. ஓடும்போது பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும். சொட்டினால் குளிரூட்டும் வழியில் உப்போ மணலோ அடைத்திருக்கிறது, அல்லது பம்பு தேய்ந்திருக்கிறது. தண்ணீருக்குள் இறங்கும் எஞ்சின் காலின் அடியிலுள்ள திருகைக் கழற்றி, கியர் ஆயில் ஒரு சொட்டு எடுங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

இனிமேல்தான் முக்கியமானது. எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகைக்குள் பெரும்பாலும் ஒட்டுப்பலகை இருக்கும். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் வெளியே பளபளப்பு குறையாமல் உள்ளே சோறு மாதிரி குழைந்துவிடும். ஐந்து ரூபாய் நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டினேன். சந்தனப் படகு முழுவதும் 'டக் டக்' என்றது. வெள்ளைப் படகில் கீழ்ப் போல்ட்டுகளுக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு 'தொப் தொப்'. எஞ்சினின் காலைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்தேன். பலகையும் கூடவே அசைந்தது. விற்பவர் வானத்தைப் பார்த்தார். அதைப் பிரித்துக் கட்டுவதென்றால் எஞ்சினை இறக்க வேண்டும், செலவு எங்கே நிற்கும் என்று எனக்கே தெரியாது.

உயிர்காக்கும் அங்கிகளைப் படகோடு சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள், பழையவற்றை நம்ப வேண்டாம். பிள்ளைகளுக்கு அவரவர் அளவில் புதிதாக வாங்குங்கள். பதிவுச் சான்றிலுள்ள எஞ்சின் எண்ணை எஞ்சினிலேயே ஒப்பிட்டுப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

சந்தனப் படகைத்தான் எடுத்தோம். மிச்சமான நாற்பதாயிரத்தில் குழாய் வளைத்து வெயிலுக்குக் கூரை போடச் சொன்னான். அந்த வேலையைச் சித்திரை பிறந்து கொடுத்ததுதான் தவறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகெல்லாம் கரையேறிப் பழுது பார்க்கும் காலம் அது, வெல்டர் நம் பக்கம் திரும்பவே மாட்டார். கூரை ஆனியில்தான் வந்தது. அதுவரை என் மாமியார் குடை பிடித்துக்கொண்டுதான் ஏரியைப் பார்த்தார்.