டெஃப்லான் பிஸ்டன் ரிங் மாட்டும்போது நடக்கும் தவறுகள்

எண்ணெய் இல்லாமல் ஓடும் கம்ப்ரஸரில் டெஃப்லான் (பிடிஎஃப்இ) ரிங் சீக்கிரம் போய்விட்டால் பழி ரிங் மீதுதான் விழும். பெரும்பாலும் குற்றம் மாட்டிய விதத்தில் இருக்கும். வார்ப்பிரும்பு ரிங்குக்குப் பழகிய கை, இதற்கும் அதே கேப் (ரிங்கின் வெட்டிய இரு முனைகளுக்கு நடுவே விடும் இடைவெளி) வைத்துவிடுகிறது.

சூடானால் டெஃப்லான் இரும்பைப் போலப் பத்து மடங்கு விரியும். 200 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) என்றால் சுற்றளவு 628 மி.மீ. மாட்டும்போது 30 டிகிரி, ஓடும்போது 150 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 628 × 0.0001 (ஒரு டிகிரிக்கு விரியும் வீதம்) × 120, அதாவது ஏறக்குறைய 7.5 மி.மீ. நீளும். வார்ப்பிரும்பு வழக்கப்படி 0.8 மி.மீ. கேப் விட்டால் முனைகள் முட்டும், ரிங் லைனரை (சிலிண்டரின் உள்சுவரை) நெரிக்கும், உராய்வுச் சூட்டில் இன்னும் விரியும். கழற்றிப் பார்த்தால் இரு முனையும் நசுங்கிப் பளபளக்கும். "இவ்வளவு வாய் விட்டால் காற்று போயிடுமே" என்று பயப்பட வேண்டாம், சூட்டில் அது மூடிக்கொள்ளும். பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்திலும் இதே கணக்குதான்: 10 மி.மீ. அகல ரிங் 0.12 மி.மீ. தடிக்கும். டெஃப்லானில் கலக்கும் ஃபில்லரை (நிரப்புப் பொருளை)ப் பொறுத்து விரிவு மாறும் என்பதால் தயாரிப்பாளர் தரும் எண்ணையே எடுங்கள். ஏசி அறையிலிருந்து வந்த ரிங்கை உடனே அளக்காதீர்கள். 19 டிகிரியை ஒட்டி டெஃப்லானின் படிக அமைப்பு மாறுவதால் கன அளவே கூடும்.

கலப்பில்லாத வெள்ளை டெஃப்லானில் கடைந்த ரிங் மலிவுதான், ஆனால் வேகமாகத் தேயும், அழுத்தத்தில் மெல்ல வழிந்து உருமாறும். கார்பன், கண்ணாடி இழை, வெண்கலம் போன்ற ஃபில்லர் சேர்த்ததே ரிங்குக்கு ஆகும். அம்மோனியாவுக்கு வெண்கலம் கூடாது, அரித்துவிடும். கிராஃபைட்டுக்கு ஈரம் வேண்டும். நன்கு உலர்ந்த நைட்ரஜனில் அது வழுக்காது.

லைனர் சொரசொரப்பாக இருந்தால் அரம்போல் ராவும். கண்ணாடிபோல் இருந்தாலும், ரிங்கிலிருந்து படிந்து உராய்வைக் குறைக்கும் டெஃப்லான் படலம் ஒட்டாது. ஆர்ஏ (சொரசொரப்பின் சராசரி அளவு) 0.2 முதல் 0.4 மைக்ரான் வரை நல்லது. அதே வகை ரிங்கை மீண்டும் போடும்போது லைனரில் ஒட்டியிருக்கும் மங்கலான படலத்தை எமரி வைத்துத் தேய்த்து எடுப்பது வீண் வேலை.

"கொஞ்சம் எண்ணெய் விட்டால் நல்லதுதானே" என்பது அடுத்த தவறு. தேய்ந்த தூளும் எண்ணெயும் குழைந்து களிம்பாகி ரிங்கைப் பள்ளத்திலேயே ஒட்டவைத்துவிடும். ராடு வழியாக எண்ணெய் ஏறுகிறதா, ராடில் ஒட்டும் எண்ணெயை வழிக்கும் ஸ்கிரேப்பர் ரிங் சரியா என்று பாருங்கள்.

கிடைமட்ட சிலிண்டரில் எடையைத் தாங்குவது ரைடர் ரிங். எண்ணெய் இல்லாத சிலிண்டரில் அதன் மேல் விழும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 0.035 நியூட்டனைத் தாண்டக் கூடாது என்கிறது இவ்வகை கம்ப்ரஸர்களுக்கான தர விதி ஏபிஐ 618. பிஸ்டனும் ராடில் பாதியும் சேர்ந்து 60 கிலோ (590 நியூட்டன்), போர் 250, ரைடர் அகலம் 80 மி.மீ. என்றால் 590 ÷ (0.866 × 250 × 80) = 0.034 (அடிப்பக்கத்து 120 டிகிரி வளைவு மட்டுமே எடை தாங்கும் என்று கொள்வதால் 0.866). மயிரிழையில் தப்பும். பிஸ்டனுக்கு அடியில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளில்) அவ்வப்போது பார்க்காவிட்டால் ஒருநாள் பிஸ்டனே லைனரில் உரசும்.

ரிங்கைக் கடைந்த கையோடு பீடி, சிகரெட் பற்றவைக்காதீர்கள். விரலில் ஒட்டிய தூள் நெருப்பில் எரிந்து வரும் புகையை இழுத்தால் சில மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், நெஞ்சு இறுக்கம் வரும்.