திறந்தவெளி ஹிப்ஹாப் விழாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: இரும்பு நகரத்தில் ஒரு நாள்

நெய்வேலியில் வளர்ந்தவனுக்கு, சக்கரத்தில் கோத்த வாளிகளால் சுரங்கம் தோண்டும் பக்கெட் வீல் எந்திரத்தைப் பார்த்தால் அப்பாவின் நைட் ஷிஃப்ட்தான் ஞாபகத்துக்கு வரும். அப்படி ஓர் எந்திரத்தின் காலடியில், ஜெர்மன் மொழியில் ராப் கேட்டபடி, முன்பின் தெரியாத ஒருவனின் தோளைப் பிடித்துக்கொண்டு குதிப்பேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அந்த இடத்தின் பெயர் ஃபெரோபோலிஸ், அதாவது இரும்பு நகரம். ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் கிரேஃபன்ஹைனிஷன் என்ற சிற்றூரை ஒட்டி இருக்கிறது. அங்கே கோல்பா-நோர்ட் என்று ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. 1991-இல் அதை மூடினார்கள். வேலையில்லாமல் நின்ற ராட்சத எந்திரங்களில் ஐந்தை மட்டும் காயலாங்கடைக்கு அனுப்பாமல் சுற்றி நிறுத்தி, நடுவில் 25,000 பேர் கூடக்கூடிய அரங்கம் அமைத்தார்கள். தோண்டிய பள்ளத்தில் தண்ணீரை விட்டு ஏரியாக்கிவிட்டார்கள். எந்திரங்களுக்கு மேட் மேக்ஸ், மெடூசா, மாஸ்கிட்டோ, ஜெமினி, பிக் வீல் என்று பெயரும் உண்டு. ஜெமினி மட்டும் கிட்டத்தட்ட 2,000 டன் எடை, பத்து மாடி உயரம். 1998-இல் கெம்னிட்ஸ் நகரத்தில் தொடங்கிய ஸ்ப்ளாஷ் என்ற ஹிப்ஹாப் விழா 2009-இல் இங்கே இடம் மாறி வந்தது. கோடையில்தான் நடக்கும்.

மூன்று முறை போயிருக்கிறேன். முதல்முறை ஒரே நாளில் ஒன்பது பாடகர்களைப் பார்த்தேன். ஒருவர் பாடியதுகூட மனதில் நிற்கவில்லை. கால் வலி மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தச் சொதப்பலிலிருந்து கற்றுக்கொண்டதுதான் கீழே இருப்பவை. வேறு ஊரில், வேறு விழாவுக்குப் போனாலும் பெரும்பாலும் பொருந்தும்.

படி 1: மூன்று பாடகர்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்

நேர அட்டவணை வந்ததும் எல்லாவற்றையும் வட்டம் போட்டு வைக்கத் தோன்றும். வேண்டாம். ஒருவரை "இவரை விடவே கூடாது" என்று குறியுங்கள். இன்னும் இருவரை "முடிந்தால் பார்ப்போம்" என்று வையுங்கள். மற்றதெல்லாம் போகிற வழியில் காதில் விழுந்தால் போதும். ஒரு மேடையிலிருந்து இன்னொன்றுக்குக் கூட்டத்தோடு நகர, வரைபடத்தில் தெரிவதைவிட மூன்று மடங்கு நேரம் ஆகும்.

தேர்ந்தெடுத்த மூவரின் பாட்டுகளை ஒரு வாரம் முன்பே கேளுங்கள். வரிகள் முழுதும் தெரிய வேண்டாம், பல்லவி தெரிந்தால் போதும். மேடையில் பாதி வரியைச் சொல்லிவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவார்கள். மீதியை நாம் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பது பெரிய கூச்சம்.

ஜெர்மன் தெரியாதவர்கள் நான்கு சொற்களைக் கற்றுக்கொள்ளலாம். "ஹெண்ட ஹோஹ்" என்றால் கையைத் தூக்கு. "மாஹ்ட் லேர்ம்" என்றால் சத்தம் போடு. "ட்சூகாபெ" என்பது இன்னொரு பாட்டு பாடச் சொல்லிக் கேட்பது. "அலெ ருன்டர்" என்று கேட்டால் எல்லோரும் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். பீட், அதாவது தாளம், விழுந்ததும் மொத்தக் கூட்டமும் ஒன்றாகக் குதிக்கும். இதைத் தெரியாமல் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். சுற்றிலும் ஆயிரக்கணக்கானவர்கள் தரையில், நடுவில் நான், காலியான நிலத்தில் நட்ட பனைமரம் மாதிரி.

படி 2: பை சிறியது, ஷூ பழையது

பல விழாக்களில் ஏ4 தாளை விடப் பெரிய பையை உள்ளே விடுவதில்லை. அந்த ஆண்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே போட வேண்டியவை: டிக்கெட், அடையாள அட்டை, பவர்பேங்க், சன்ஸ்கிரீன், மெல்லிய ரெயின்கோட், இயர்பிளக். குடை வேண்டாம், பின்னால் நிற்பவர் கண்ணைக் குத்தும். எப்படியும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

ஷூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹிப்ஹாப் விழா என்றால் புது ஸ்னீக்கர் போட்டுக் காட்ட ஆசை வரும். நானும் வெள்ளை ஜோடி ஒன்று வாங்கிப் போனேன். அந்த நிலத்தில் மணலும் சரளையும் கலந்து கிடக்கும். மதியத்துக்குள் ஷூ சாம்பல் நிறம். மாலைக்குள் யாரோ ஊற்றிய பியர். இரவுக்குள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். குறைந்தது ஒரு மாதம் போட்டு நடந்து பழகிய, கணுக்கால் வரை மூடிய ஷூதான் சரி. கூடுதலாக ஒரு ஜோடி சாக்ஸ் பையில் இருக்கட்டும். சாயங்காலம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காய்ந்த சாக்ஸுக்கு மாறும்போது கிடைக்கும் சுகம் தனி.

படி 3: போய்ச் சேருவது

லைப்சிக் பக்கமிருந்து வருபவர்களுக்கு பிட்டர்ஃபெல்ட் வழியாக ரீஜனல் ரயில் உண்டு. கிரேஃபன்ஹைனிஷனில் இறங்கியதும் விழா நாட்களில் ஷட்டில் பஸ் நிற்கும். எந்தப் பஸ் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. கையில் ஸ்பீக்கரோடு போகிறவர்களின் பின்னால் போனால் போதும். கேட் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். மூன்று மணிக்குப் போனால் வெயிலில் வரிசை.

படி 4: கைப்பட்டையும் கப்பும்

வாசலில் டிக்கெட்டைக் காட்டினால் கையில் துணிப்பட்டை ஒன்றைக் கட்டுவார்கள். கழற்ற முடியாது. விரல் ஒன்று நுழையும் அளவுக்கு இடம் விட்டுக் கட்டச் சொல்லுங்கள். பல விழாக்களில் பணமும் அந்தப் பட்டையில் இருக்கும் சிப்பில்தான். முன்கூட்டியே கொஞ்சம் ஏற்றிக்கொண்டால் வரிசை மிச்சம்.

நம்மூர்க்காரர்கள் ஏமாறும் இடம் கப்தான். குடிக்க எது வாங்கினாலும் கப்புக்குத் தனியாக முன்பணம் எடுப்பார்கள். ஜெர்மனியில் இதை ஃபான்ட் என்பார்கள். கப்பைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும். சில இடங்களில் கப்போடு ஒரு சின்ன பிளாஸ்டிக் வில்லையும் தருவார்கள். கப், வில்லை இரண்டும் இருந்தால்தான் பணம். முதல் வருடம் அதை ஏதோ நினைவுப் பொருள் என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிட்டுக் கடைக்காரரிடம் வாதாடினேன். அவர் பொறுமையாகத் தலையை மட்டும் ஆட்டினார்.

படி 5: பாட்டு தொடங்கும் முன் ஒரு சுற்று

உள்ளே போனதும் மேடைக்கு ஓடாதீர்கள். குடிநீர்க் குழாய், கழிப்பறை, முதலுதவிக் கூடாரம், வெளியேறும் வழி இந்த நான்கையும் கண்ணால் பார்த்து வையுங்கள். இருட்டிய பிறகு எல்லாம் ஒரே மாதிரி தெரியும்.

அப்புறம் நண்பர்களோடு சந்திக்கும் இடம். கூட்டம் சேர்ந்ததும் போனில் நெட்வொர்க் இருக்காது. "ஜெமினி பக்கத்தில் நில்" என்று நண்பனிடம் சொல்லிவிட்டுப் பிரிந்தேன். அந்த எந்திரம் நூறு மீட்டருக்கு மேல் நீளம். அவன் ஒரு முனையில், நான் மறு முனையில், முக்கால் மணி நேரம் ஆளுக்கொரு பக்கம் சபித்துக்கொண்டு நின்றோம். இடத்தைச் சொல்வதென்றால் "ஏணி தொடங்கும் இடம், வலப்பக்கத் தூண்" என்று கைவைத்துக் காட்டும் அளவுக்குச் சொல்லுங்கள். நேரமும் சேர்த்து: "பிரிந்துவிட்டால் ஒவ்வொரு இரட்டைப்படை மணிக்கும் இங்கே."

பெண்களுக்கு ஒரு தகவல். யாராவது தொந்தரவு செய்தாலோ பாதுகாப்பில்லை என்று தோன்றினாலோ, பல ஜெர்மன் விழாக்களில் ஊழியரிடம் "வோ கேட்ஸ் நாஹ் பனாமா?" என்று கேட்கலாம். பனாமாவுக்கு எப்படிப் போவது என்று அர்த்தம். அது உதவி கேட்கும் ரகசியச் சொல். காரணம் எதுவும் விளக்க வேண்டியதில்லை, உடனே பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துப் போவார்கள்.

படி 6: எங்கே நிற்பது

மேடையிலிருந்து கொஞ்சம் தள்ளி, கூட்டத்துக்கு நடுவே ஒலியமைப்பாளரின் சின்னக் கூடாரம் இருக்கும். அதற்குச் சற்று முன்னால் நில்லுங்கள். அந்த மனிதர் தன் காதில் நன்றாகக் கேட்கும்படிதான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். ராப்பில் சொல்தான் உயிர். மேடையை ஒட்டி நின்றால் பேஸ் என்ற கனத்த அடியொலி நெஞ்சில் இடிக்கும், சொற்கள் கரைந்துபோகும்.

குதிக்க ஆசையா? அப்போது முன்னால் போகலாம். திடீரென்று கூட்டம் விலகி நடுவில் வட்டமாகக் காலியிடம் உருவானால் அதுதான் மாஷ்பிட். பீட் விழுந்ததும் எல்லோரும் அதற்குள் பாய்வார்கள். பார்க்கச் சண்டை போல இருக்கும், ஆனால் ஒழுங்கு உண்டு. யாராவது விழுந்தால் அந்த நொடியே நான்கு கைகள் தூக்கிவிடும். நீங்களும் தூக்கிவிட வேண்டும். முழங்கையை நீட்டக் கூடாது. கண்ணாடி போட்டிருப்பவர்கள் அதைக் கழற்றி உள்பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே விளையாட்டில்லாத ஒரு விஷயம். 2021 நவம்பர் 5 அன்று அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் ஆஸ்ட்ரோவேர்ல்ட் விழாவில் கூட்ட நெரிசலில் பத்துப் பேர் இறந்துபோனார்கள். மூச்சை இழுக்க நெஞ்சு விரிவதற்கே இடமில்லாமல் போனதுதான் காரணம். ஆகவே ஒன்றைக் கவனியுங்கள்: கையை முகத்துக்குக் கொண்டுவந்து மூக்கைச் சொறிய முடிகிறதா? முடியவில்லை என்றால் அப்போதே நகரத் தொடங்குங்கள், பிடித்த பாட்டு ஓடினாலும் சரி. குத்துச்சண்டைக்காரர் போல இரு கைகளையும் நெஞ்சுக்கு முன் வைத்து மூச்சுக்கு இடம் உண்டாக்குங்கள். கூட்டத்தின் தள்ளலை எதிர்த்து நிற்காதீர்கள். அலை அடங்கும் இடைவெளியில் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னோக்கி நகருங்கள். பெரிய மேடைகளில் குறுக்கே இரும்புத் தடுப்புகள் போட்டுக் கூட்டத்தைப் பிரித்திருப்பார்கள். அலையுடைப்பான் என்று அர்த்தம் வரும் பெயர் அதற்கு. முதல்முறை போகிறவர்கள் அந்தத் தடுப்புக்குப் பின்னால் நிற்பதே என் யோசனை.

படி 7: காது

ஜெர்மன் விதிப்படி சத்தத்தின் அரை மணி நேரச் சராசரி 99 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. கேட்கப் பெரிய பாதுகாப்பு போலத் தோன்றும். ஆனால் அமெரிக்காவில் தொழிலாளர்களின் உடல்நலத்துக்காகப் போட்ட கணக்குப்படி 100 டெசிபெல்லை ஒரு நாளில் கால் மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது. அதற்கு மேல் 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். நாம் நிற்கப்போவது எட்டு மணி நேரம். மஞ்சள் பஞ்சு போன்ற இயர்பிளக்கை உருட்டி மெல்லிதாக்கி, காதை மேலே இழுத்துக்கொண்டு செருகி, அது விரியும்வரை விரலால் பிடித்திருங்கள். பலர் உருட்டாமலே செருகிவிட்டு "ஒன்றும் பயனில்லை" என்கிறார்கள்.

படி 8: நடுப்பகலை விட்டுக்கொடுங்கள்

ஒரு மணியிலிருந்து நான்கு வரை வெயில் உச்சியில். எந்திரங்களின் நிழல் நகர நகரக் கூட்டமும் சேர்ந்து நகர்வதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். அந்த நேரத்தில் சாப்பிட்டுவிட்டு ஏரிக்கரையில் படுங்கள். சுரங்கப் பள்ளம் என்பதால் சட்டென்று ஆழமாகலாம், அனுமதித்த இடத்தில் மட்டும் இறங்குங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள்.

ஹிப்ஹாப்புக்கு இந்த வெட்டவெளி புதிதில்லை. எழுபதுகளில் நியூயார்க்கின் பிராங்ஸில், பூங்காவில் ஸ்பீக்கரை வைத்துவிட்டுத் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் இழுத்தார்கள். நம்மூர் விசேஷத்துக்குக் கொக்கி போடுவது மாதிரிதான்.

படி 9: இரவு

ஜூலையில் சூரியன் ஒன்பதரை மணிக்குப் பக்கத்தில்தான் மறையும். அதன் பிறகுதான் இந்த இடத்தின் உண்மையான முகம். எந்திரங்களின் மேல் வண்ண விளக்கு ஏறும். துருப்பிடித்த இரும்புச் சட்டங்கள் ஒவ்வொன்றாகச் சிவந்து, நீலமாகி, மறுபடி இருளும். நீங்கள் "விடவே கூடாது" என்று குறித்தவர் வருவதற்கு அரை மணி முன்பே இடத்தைப் பிடித்துவிடுங்கள். முதல் இரண்டு பாட்டை வீடியோ எடுங்கள். அப்புறம் போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடுங்கள். பகலில் வியர்த்த உடம்புக்கு இரவுக் குளிர் உறைக்கும், இடுப்பில் கட்டிவைத்த சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 10: திரும்புவது

கடைசிப் பாட்டு முடியும்வரை நின்றால் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம். ஒரு பாட்டு முன்பே கிளம்பினால் பத்து நிமிடம். இதில் மட்டும் எனக்கே இன்னும் முடிவு எடுக்கத் தெரியவில்லை, ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். கப்பைக் கொடுத்துக் காசை வாங்கிக்கொள்ளுங்கள். இரவுக்கான கடைசி ரயிலைக் காலையிலேயே பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். படங்களை அங்கிருந்து அனுப்ப முயன்று பேட்டரியைத் தீர்க்காதீர்கள். ரயிலில் ஏறியதும் தானாகப் போகும்.

போன முறை அப்படித்தான், பிக் வீலுக்கு முன்னால் எடுத்த படத்தை அப்பாவுக்கு அனுப்பிவிட்டுத் தூங்கிப்போனேன். என் முகத்தைப் பற்றியோ, பின்னால் ஜொலித்த மேடையைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் பார்த்தால் ஒரே வரிதான் வந்திருந்தது: "பக்கெட் பல்லெல்லாம் தேஞ்சு போயிருக்கே, மாத்தலியா?"