பாம்பன் பாலத்தை நிதானமாகப் பார்ப்பது எப்படி?

ராமேஸ்வரம் போகிறவர்களில் பெரும்பாலோர் பாம்பன் பாலத்தை ஓடும் பஸ்ஸின் ஜன்னல் வழியே பார்ப்பதோடு சரி. இதற்கென்று இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

நிற்க நல்ல இடம், 1988-ல் திறந்த சாலைப் பாலத்தின் நடைபாதை. வண்டியைப் பாலத்தின் மேல் நிறுத்தவே கூடாது. பின்னால் வரும் பஸ், லாரிக்கு ஒதுங்க இடம் இருக்காது. கரையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். வெயில் ஏறுமுன் காலையில் போய்விடுங்கள். உச்சி வெயிலில் கடல் கண்ணைக் கூசும், இரும்பின் விளிம்புகள் தெரியாது.

முதலில் புதிய ரயில் பாலத்தின் (2025) தூக்குப் பகுதியைப் பாருங்கள். நீளம் 72.5 மீட்டர், எடை சுமார் 660 டன். கப்பல் வரும்போது இது இரண்டு கோபுரங்களுக்கு நடுவே படுத்த வாக்கிலேயே 17 மீட்டர் உயரும். பாலம் ஏற ஏற, கம்பி வடத்தின் மறுமுனையில் உள்ள எதிர் எடைகள் கீழே இறங்கும். அதனால் மோட்டார் முழு எடையையும் சுமப்பதில்லை. உராய்வையும் காற்றையும் வென்றால் போதும். 1914-ல் வந்த பழைய ரயில் பாலத்தின் ஷெர்சர் தூக்கு (அதை வடிவமைத்த பொறியாளரின் பெயர்) வேறு வகை: நடுவில் பிரிந்து இரு பக்கமும் நிமிர்ந்தது. அதை ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். அந்த உழைப்பை நினைத்துப் பார்க்காமல் இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது எங்கள் கருத்து.

தூக்குப் பாலம் தினமும் திறக்காது. எப்போது கப்பல் கடக்கிறது என்பதைப் பாம்பன் துறைமுக அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போனால் ஏமாற்றம் இல்லை.

அடுத்து, துருவைக் கவனியுங்கள். உப்புக் காற்றில் இரும்பு முதலில் அரிப்பது இணைப்புகளிலும் தண்ணீர் தேங்கும் மூலைகளிலும்தான். புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் பூச்சு அடித்ததும், துருப்பிடிக்காத கம்பிகளைப் போட்டதும் அதற்காகவே.

இந்தப் பாலம் தீவு மக்களுக்கு என்ன என்று புரிய 1964 டிசம்பரை அறிந்திருக்க வேண்டும். 22-ம் தேதி இரவுப் புயலில் தனுஷ்கோடி பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலில் போனது. பழைய ரயில் பாலத்தின் கர்டர்களும் (தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்கள்) விழுந்தன. அப்போது சாலைப் பாலம் கிடையாது. நோயாளி, கல்யாணக் கூட்டம், மீன் கூடை எல்லாவற்றுக்கும் ரயிலை விட்டால் படகுதான். ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் பாலம் சரியானது. தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவே இல்லை.

படம் எடுப்பவர்களுக்கு: பஸ் கடக்கும்போது சாலைப் பாலம் அதிரும். ஸ்டாண்டில் வைத்து நீண்ட நேர எக்ஸ்போஷர் எடுத்தால் படம் கலங்கும். வண்டி இல்லாத இடைவெளியில் எடுங்கள். லென்ஸில் உப்புத் துளி பட்டால் வெறும் துணியால் தேய்க்காதீர்கள், காய்ந்த உப்பு கீறிவிடும். முதலில் ஊதிவிட்டு, லென்ஸ் திரவத்தில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள்.