ஹாஷ் போட்டால் ஒளிந்துவிடாது

கம்பத்தில் விடிவதற்குள் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களுக்கு பிளாக்செயினை வைத்து ஒரு டிஜிட்டல் அடையாளம் செய்தோம். பிளாக்செயின், சுருக்கமாகச் செயின், என்பது பல கணினிகளில் நகல் இருக்கும், எழுதியதை அழிக்க முடியாத பதிவேடு. வேலை இடுக்கியில், ரேஷன் கார்டு இந்தப் பக்கம். எந்தத் தோட்டத்தில் எத்தனை நாள் வேலை என்ற சான்று அவரவர் போனிலேயே இருக்கும். யாருக்குக் காட்டுவது என்பது அவர் இஷ்டம். போன மாதம் இதே வேலையில் இறங்கியிருக்கும் இரண்டு தம்பிகள் தங்கள் வரைபடத்தைக் காட்டினார்கள். நான் சறுக்கிய அதே இடம். அதை முதலில் சொல்கிறேன், சறுக்கும் மற்ற இடங்கள் அதன் பின்.

ஆளைப் பற்றிய எதையும் செயினில் எழுதாதீர்கள்

"செல் நம்பரை அப்படியே போடலைண்ணே, ஹாஷ்தானே" என்றான் ஒருவன். ஹாஷ் என்றால் ஒரு தகவலைக் கணக்கில் போட்டு எடுக்கும் குறியீடு; ஒரே தகவலுக்கு எப்போதும் ஒரே குறியீடு. அன்று நானும் இதையேதான் சொன்னேன். ஹாஷிலிருந்து நம்பரைத் திருப்பி எடுக்க முடியாதுதான். ஆனால் திருப்பவே வேண்டாமே! நம் செல் நம்பர் 10 இலக்கம், 6 முதல் 9 வரை ஒன்றில் தொடங்கும். கூட்டிக் கழித்தால் 400 கோடிதான். ஒவ்வொன்றையும் எஸ்ஹெச்ஏ-256 என்ற ஹாஷ் கணக்கில் போட்டு, செயினில் இருப்பதோடு ஒப்பிட்டால் முடிந்தது. பயிற்சிக்கு வந்த கல்லூரிப் பெண் கேம் ஆடும் லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினாள். டீ ஆறவில்லை, திரையில் எங்கள் கங்காணி அக்காவின் நம்பர், பக்கத்தில் அவர் வேலை பார்த்த நாள் கணக்கு.

சாதாரண டேட்டாபேஸ் என்றால் அன்றைக்கே அழித்திருப்பேன். செயினில் எழுதியது எழுதியதுதான். 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் தகவலை அழிக்கச் சொல்லும் உரிமையைத் தருகிறது. அக்கா வந்து கேட்டால் என்ன சொல்வேன்? இன்னும் எரிச்சலாக இருக்கிறது. ஏனென்றால், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2022 ஜூலையில் வெளியிட்ட டிஐடி (பரவலாக்கப்பட்ட அடையாளக்குறி) தரநிலையிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. நாங்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

செயினில் சான்று கொடுப்பவரின் பொதுச் சாவியும் (சான்று அவர் கொடுத்ததுதானா என்று யாரும் சரிபார்க்க உதவுவது) ரத்துப் பட்டியலும் (இனி செல்லாத சான்றுகள் எவை என்பது) போதும். மற்றதெல்லாம் போனில்.

முழுச் சான்றையும் நீட்ட வைப்பது

கடன் கொடுப்பவருக்கு வேலை நாள் தெரிந்தால் போதும், பிறந்த தேதி எதற்கு? எஸ்டி-ஜேடபிள்யூடி மாதிரி சான்று வடிவங்களில் கேட்ட வரியை மட்டும் காட்டலாம். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி ரேண்டம் உப்பு (ஊகிக்க முடியாத எழுத்துச் சரம்) சேர்த்துத்தான் அங்கே ஹாஷ்; அதனால் அந்த லேப்டாப் வித்தை பலிக்காது.

சாவி ஒரே போனில்

ஏலக்காட்டு மழையில் போன் நனையும்; சான்று தன்னுடையது என்று காட்ட உதவும் ரகசியச் சாவியும் அதோடு போகும். மீட்கும் வழியை முதல் நாளே யோசியுங்கள்.

ஆளுக்கொரு போன் என்று நினைப்பது

வீட்டுக்கு ஒன்று. அதுவும் மகன் கையில்.

சிக்னலை நம்புவது

கம்பமெட்டு ஏறிப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.