ஜூம் செய்தால் டிரோன் வீடியோ ஆடுகிறதா? கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

அகலக் காட்சியில் அசையாமல் நிற்கும் படம், ஜூம் செய்ததும் நடுங்கத் தொடங்குகிறது. உடனே லென்ஸ் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ஜூம் பெரும்பாலும் புதிதாக ஆட்டத்தை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் ஆட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. 2018-இல் வந்த டிஜேஐ மேவிக் 2 ஜூம் டிரோனை எடுத்துக்கொள்வோம். அதன் லென்ஸ் 24 மி.மீ.-இலிருந்து (அகலக் காட்சி) 48 மி.மீ. வரை (முழு ஜூம்) போகும். முழு ஜூமில் அதே நடுக்கம் திரையில் இரண்டு மடங்காகத் தெரியும்.

படி 1: எந்த வகை ஆட்டம்?

இந்தப் படியைத் தாண்டிவிட்டு அமைப்புகளை மாற்றத் தொடங்குபவர்களே அதிகம். காற்றில்லாத அதிகாலையில் டிரோனைப் பத்து மீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். ரிமோட்டின் குச்சிகளிலிருந்து விரலை எடுத்துவிட்டு, 24 மி.மீ.-இல் அரை நிமிடம், 48 மி.மீ.-இல் அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். சட்டத்துக்குள் (ஃபிரேம்) மின்கம்பம் போன்ற ஒரு நேர்க்கோடு இருக்கட்டும். பறக்கும்போது கைபேசியில் தெரிவதை நம்பாதீர்கள். சிக்னல் தடுமாறினாலும் அது துள்ளும். மெமரி கார்டில் உள்ள கோப்பைக் கணினியில் போட்டுப் பாருங்கள்.

கம்பத்தின் விளிம்பு நெளிந்தால் அது அதிர்வு. படம் முழுவதும் மெதுவாகச் சாய்ந்து சாய்ந்து வந்தால் கிம்பல் (கேமராவை ஆடாமல் தாங்கும் மோட்டார் அமைப்பு) அல்லது காற்று. படம் பெரிதாகிச் சிறிதானால் ஃபோகஸ். அருகில் உள்ளவை அசையாமலிருக்க, தொலைவில் உள்ளவை மட்டும் அலையாடினால் அது கானல். அதற்கு மருந்து கிடையாது, வெயில் ஏறுமுன் படமெடுக்க வேண்டியதுதான்.

படி 2: நெளிவுக்கு இறக்கையைப் பாருங்கள்

கேமராவின் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பிடிப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. அந்த இடைவெளிக்குள் கேமரா அதிர்ந்தால் ஒவ்வொரு வரியும் சற்று விலகி விழும். நேர்க்கோடு நெளிவது இதனால்தான்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒவ்வோர் இறக்கையின் விளிம்பிலும் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிறு நகத்தில் தட்டுப்படும். தட்டுப்பட்டால் தேய்த்துச் சரிசெய்ய முயலாமல் ஜோடியாக மாற்றிவிடுங்கள். வெள்ளைக் குறியுள்ள இறக்கை, வெள்ளைக் குறியுள்ள மோட்டாருக்கே பொருந்தும். பிறகு கிம்பலைத் தாங்கும் சிறு ரப்பர்களைப் பாருங்கள். ஒன்று துளையைவிட்டு நழுவியிருந்தாலும் அதிர்வு நேராகக் கேமராவுக்கு ஏறிவிடும்.

படி 3: ஷட்டர் வேகத்தைக் குறையுங்கள்

இந்த மாடலில் லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையின் அளவை நாம் மாற்ற முடியாது, 24 மி.மீ.-இல் எஃப் 2.8, முழு ஜூமில் எஃப் 3.8. ஆகவே உச்சி வெயிலில் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100-இல் வைத்தாலும் ஷட்டர் வேகம் நொடியில் 3000-இல் ஒரு பங்கை ஒட்டிப் போய்விடும். அவ்வளவு வேகத்தில் ஒவ்வொரு சட்டமும் கூர்மையாக விழுவதால் சிறு துடிப்புகூட அப்பட்டமாகத் தெரியும். நொடிக்கு 25 சட்டம் எடுப்பதானால் ஷட்டர் 1/50 என்பது நல்ல இலக்கு. வெயிலில் அகலக் காட்சிக்கு என்டி64, முழு ஜூமுக்கு என்டி32 என்ற, ஒளியைக் குறைக்கும் கண்ணாடி ஃபில்டர் ஏறக்குறைய அங்கே கொண்டுவந்துவிடும். அந்த மாடலுக்கென்றே செய்த ஃபில்டரை வாங்குங்கள். எடை கூடினால் கிம்பல் மோட்டார் திணறும். அதிர்வின் மூலத்தைச் சரிசெய்யாமல் ஃபில்டரை மட்டும் மாட்டினால் நெளிவு மங்கலாக மாறுமே தவிரப் போகாது.

படி 4: கிம்பலும் காற்றும்

டிரோனைச் சமதரையில் வைத்து, கிம்பல் பூட்டு கழற்றப்பட்டதை உறுதிசெய்துகொண்டு, செயலியில் கிம்பல் கேலிபரேஷனை (கிம்பலின் நிலையைச் சரிப்படுத்துவது) ஓட்டுங்கள். ஓடி முடியும்வரை தொடக்கூடாது. அதன் பிறகும் ஆட்டம் காற்றடிக்கும்போது மட்டும் வந்தால், டிரோன் காற்றை எதிர்த்துச் சாய்வதை ஈடுகட்ட முடியாமல் கிம்பல் தன் எல்லையை எட்டுகிறது என்று பொருள். ஆடிக் காற்றில் முழு ஜூமை மறந்துவிட்டு, டிரோனை அருகில் கொண்டுபோவதே மேல்.

படி 5: விரலும் ஃபோகஸும்

திருப்பும்போது மட்டும் படம் துள்ளினால் கோளாறு நம் விரலில். ரிமோட்டின் பக்கவாட்டு விசையை டிரைபாட் நிலைக்கு மாற்றுங்கள், வேகம் அடங்கும். படம் பெரிதாகிச் சிறிதானால், ஜூம் செய்தபின் பொருளைத் தொட்டு ஃபோகஸ் பிடித்து, கைமுறை ஃபோகஸுக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே எடுத்துவிட்ட வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ தொகுப்பு மென்பொருளில் உள்ள ஸ்டெபிலைசேஷன் (ஆட்டத்தைக் குறைக்கும் வசதி) உதவும். ஆனால் மெதுவான சாய்வுக்கு மட்டுமே. ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால் 4கே-இல் எடுத்து முழு எச்டி-யாக வெளியிடுங்கள். நெளிவு ஒவ்வொரு சட்டத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால் அதை இந்தக் கருவியால் நிமிர்த்த முடியாது. இறக்கையை மாற்றிவிட்டு மறுபடியும் பறக்கவிடுவதுதான் வழி.