மூதூரின் போர்க்காலத்தைப் பதிவு செய்வது எப்படி

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் இடத்தை அண்டிய மூதூரின் போர்க்காலத்தை எழுத முனைவோர், 1983 முதல் 2009 வரையிலான நாட்டு வரலாற்றை முதலில் விரித்துவிட்டு, அதன் இடுக்குகளில் ஊரைச் செருகிவிடுவது வழக்கம். அந்த முறையில் 2006 ஆம் ஆண்டுச் சண்டை மட்டுமே மிஞ்சும். ஆற்றுத்துறைகளிலிருந்து தொடங்குவதே நல்லது.

முதலில் ஒரு கைவரைபடம் தயாரியுங்கள். கிண்ணியா, உப்பாறு, கங்கை, வெருகல் ஆகிய இடங்களில் பாதை (ஆட்களையும் வாகனங்களையும் ஆறு கடத்தும் மிதவை) ஓடிய காலத்தையும், மூதூர் இறங்குதுறையிலிருந்து திருகோணமலைக்குப் படகு சென்ற காலத்தையும் அதில் குறியுங்கள். பிறகு ஒவ்வொரு துறையையும் பற்றி, அது எப்போது மூடப்பட்டது, யார் காவல் நின்றார்கள், ஏறுமுன் எதைக் காட்ட வேண்டியிருந்தது என்று கேளுங்கள். பிரசவ வலியுடன் காத்திருந்தவர், பரீட்சையைத் தவறவிட்டவர், நெல் மூட்டையைத் திருப்பிக் கொண்டுபோனவர் எல்லோரும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறார்கள்.

பேசுபவரிடம் திகதி கேட்டால் பெரும்பாலும் தடுமாறுவார். இந்திய இராணுவம் வெளியேறிய 1990 மார்ச், போர்நிறுத்த ஒப்பந்தம் வந்த 2002 பெப்ரவரி, சுனாமி அடித்த 2004 டிசெம்பர் 26 ஆகியவற்றை மைல்கல்லாக வைத்து, அதற்கு முன்னா பின்னா என்று கேட்டால் ஆண்டு தானாகத் தெளியும். எத்தனை முறை இடம்பெயர்ந்தீர்கள் என்பதைவிட, எங்கெங்கே உலை வைத்தீர்கள் என்று கேட்பது பயன் தரும். பாடசாலை வகுப்பறை, உறவினர் வீட்டுத் தாழ்வாரம், நலன்புரி நிலையம் என ஒவ்வோர் அடுப்பாக நினைவுக்கு வரும்.

2006 ஆம் ஆண்டுக்கு மட்டும் தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் குண்டுவீச்சு தொடங்கியதும் மூதூரை அடுத்த சம்பூர்ப் பகுதித் தமிழர்கள் வெளியேறத் தொடங்கினார்கள். ஜூலையில் விடுதலைப் புலிகள் மாவிலாற்று மதகை மூடியதால் வயல்களுக்குத் தண்ணீர் நின்றது. ஓகஸ்ட் தொடக்கத்தில் சண்டை மூதூர் நகருக்குள் வந்தது. முஸ்லிம் குடும்பங்கள் கந்தளாய்க்கும் கிண்ணியாவுக்கும் சென்றன. ஓகஸ்ட் 4 அன்று உதவி நிறுவனமொன்றின் பணியாளர்கள் 17 பேர், 16 தமிழரும் ஒரு முஸ்லிமும், அலுவலக வளாகத்திலேயே கொல்லப்பட்டார்கள். சம்பூர்த் தமிழர்களுக்கு அந்த ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, மூதூர் முஸ்லிம்களுக்கு ஓகஸ்டில். இரண்டையும் ஒரே பத்தியில் கரைத்து நடுநிலை என்று சொல்லிக்கொள்வது சோம்பேறித்தனம் என்பதே என் எண்ணம். அருகருகே, அவரவர் சொற்களிலேயே எழுதுங்கள்.

சுனாமியில் போன வீட்டையும் ஷெல்லடியில் போன வீட்டையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

ஆவணங்களைத் தேடும்போது நிவாரண அட்டை, காணி அனுமதிப்பத்திரம், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு போன்றவற்றைப் படம் எடுத்துவிட்டு, மூலத்தை அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். மரணச் சான்றிதழில்தான் மிகுந்த கவனம் வேண்டும். காணாமற்போனவருக்கு மரணப் பதிவு பெற 2010 ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது; காணக்கிடைக்கவில்லை என்ற சான்றிதழோ 2016 இல்தான் சட்டத்தில் இடம்பெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் காணிக்காகவோ இழப்பீட்டுக்காகவோ மரணச் சான்றிதழை வாங்கிய தாய், மகன் இறந்தான் என்று ஒப்புக்கொண்டதாகப் பொருள் இல்லை. அவரிடம் கேட்காமல் இறந்தவர் பட்டியலில் அந்தப் பெயரைச் சேர்க்காதீர்கள். மீள்குடியேற்றம், காணி விடுவிப்புப் பற்றிய தகவல்களுக்குப் பிரதேச செயலகத்தில் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

போருக்குப் பின்னரான பகுதியை 2009 மே மாதத்தோடு நிறுத்திவிட வேண்டாம். அந்த ஆண்டு ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. சம்பூரில் காணி விடுவிப்பு 2015 இல்தான் தொடங்கியது. பாலம் வந்த பின் பாதையில் வேலை செய்தவர்கள் என்ன தொழிலுக்குப் போனார்கள், திரும்பி வந்தவர்கள் வேலி எல்லையை எதை வைத்து அடையாளம் கண்டார்கள் என்று விசாரியுங்கள்.

எழுதி முடித்ததும் ஒவ்வொருவரின் பகுதியையும் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். ஒருவர் ஒரு பெயரை நீக்கச் சொன்னால், காரணம் கேட்காமல் ஒலிப்பதிவிலிருந்தும் சேர்த்து நீக்கிவிட்டு, திருத்திய பிரதியை அவர் கையில் கொடுங்கள்.